தார் ராக்ஸ்: 400 மி.மீ. நீளத்தில் தொலைந்தது எது?

மஹிந்திரா தாரின் உருவத்தைத் தொட்டாலே ஜீப் பிரியர்களுக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். 2020 ஆகஸ்ட் 15 அன்று இரண்டாம் தலைமுறைத் தாரைக் காட்டியபோது, டச் ஸ்கிரீனையும் காயில் ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டு "இது ஜீப் இல்லை, கார்" என்றார்கள். 2023 ஜனவரியில் பின்சக்கர இழுவை மட்டுமுள்ள தார் வந்தது. "ஃபோர் பை ஃபோர் இல்லாமல் தார் என்று பெயர் எதற்கு?" என்றார்கள். 2024 ஆகஸ்டில் ஐந்து கதவு ராக்ஸ் வந்ததும் கிரில்லில் தொடங்கி வெள்ளை சீட் வரை எல்லாவற்றையும் வறுத்தெடுத்தார்கள். வெள்ளை சீட் விஷயத்தில் மட்டும் அவர்கள் பக்கம்தான் நியாயம். சேறு மிதித்த காலோடு ஏறுகிற வண்டிக்கு யார் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ! பிறகு ஃபோர் பை ஃபோர் வேரியன்ட்டுகளுக்கு பிரவுன் நிறமும் வந்துவிட்டது.

மற்றக் குறைகளில் பெரும்பாலானவை இடம் மாறி விழுந்த அடிகள். மலைப்பாதையில் உண்மையாகவே விலை கொடுக்க வேண்டிய மாற்றம் ஒன்றுதான்: வீல்பேஸ், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம். மூன்று கதவுத் தாரில் 2450 மி.மீ., ராக்ஸில் 2850.

முதலில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்றைத் தீர்த்துவிடலாம். "முன்னால் சாலிட் ஆக்ஸில் போனதோடு தாரின் உயிர் போய்விட்டது" என்பார்கள். இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் ஒரே கட்டையான அச்சுதான் சாலிட் ஆக்ஸில். அது 2020-ல் போனதல்ல. 2010-ல் வந்த முதல் தாரின் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல்) மாடலிலேயே முன்பக்கம் டார்ஷன் பார் வைத்த, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்தான். முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸிலோடு லீஃப் (அடுக்குத் தகடு) ஸ்பிரிங் இருந்தது இன்னொரு டீசல் மாடலான டி.ஐ.யிலும், அதற்கு முந்தைய எம்.எம். 540 போன்ற வண்டிகளிலும். ஆக, சி.ஆர்.டி.இ. வைத்திருப்பவர் ராக்ஸைப் பார்த்து சாலிட் ஆக்ஸிலுக்காக அழுவதில் அர்த்தமில்லை.

சாலிட் ஆக்ஸிலின் பலன் பொய் என்று சொல்லவில்லை. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் ஆக்ஸில் சாய்ந்து மறு சக்கரத்தைக் கீழே அழுத்தும். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் டிஃபரன்ஷியலுக்கும் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) தரைக்கும் உள்ள இடைவெளி மாறாது. இண்டிபெண்டன்ட்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இருக்கிறது. முன்பக்கம் அமுங்கினால் அதுவும் கூடவே இறங்கும். வண்டி நிற்கும்போது போதுமான இடைவெளி இருந்தும், அதே கல்லை வேகமாகத் தாண்டினால் முன்னால் 'டங்' என்று கேட்பது இதனால்தான். எனவே முன்சக்கரம் மேட்டைவிட்டு இறங்கும் கணத்தில் பிரேக் அடிக்கக் கூடாது. பிரேக் அடித்தால் மூக்கு குனியும், கல் அடியில் இடிக்கும். பிரேக்கை மேட்டுக்கு முன்பே முடித்துவிட்டு, மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் லோ ரேஞ்ச் முதல் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும்.

இப்போது வீல்பேஸுக்கு வருவோம். நிறுவனம் தரும் கோணங்கள் இவை. மூன்று கதவு: ஏறுகோணம் 41.8 டிகிரி, இறங்குகோணம் 36.8, நடுமேட்டுக் கோணம் (வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கூர்மை) 27. ராக்ஸ்: 41.7, 36.1, 23.9. மூக்கும் வாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. நடுவில் மட்டும் 3 டிகிரி குறைந்திருக்கிறது. பலர் இதைப் பார்த்துவிட்டு "ராக்ஸ் தாழ்வாக இருக்கிறது" என்கிறார்கள். டயர் விட்டத்தையும் வீல்பேஸையும் வைத்துக் கணக்குப் போட்டால், அடிவயிற்றின் நடுப்பகுதி இரண்டிலும் தரையிலிருந்து ஏறக்குறைய 28, 29 செ.மீ. உயரத்தில்தான் வருகிறது. வயிறு தாழவில்லை, கால்கள்தான் விலகி நிற்கின்றன.

இந்தக் கணக்கை வைத்து இன்னும் சிலவற்றைப் பார்க்கலாம். ராக்ஸில் வயிறு 25 மி.மீ. உயர்ந்தால் நடுமேட்டுக் கோணம் சுமார் 2 டிகிரி கூடும். 50 மி.மீ. உயர்த்தினால் 28 டிகிரியை எட்டி மூன்று கதவைத் தாண்டிவிடும். இதுவே எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் கூடாரமும் தண்ணீர் கேனும் ஏறி, பின்பக்கம் 40 மி.மீ. அமுங்கினால் நடுவயிறு 20 மி.மீ. இறங்கும், ஒன்றரை டிகிரி போய்விடும். ஐந்து பேர் போக வாங்கிய வண்டி, ஐந்து பேர் ஏறினால் 22 டிகிரி வண்டி. மண்கரையைத் தாண்டும் முன் ஆட்களை இறக்கிவிடுவது மரியாதைக்காக அல்ல, கணக்குக்காக.

அதற்காக உடனே 50 மி.மீ. லிஃப்ட் போட ஓட வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைப்பது முன் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர். அது ஸ்ட்ரட்டை நீளமாக்குவதில்லை, அப்படியே கீழே தள்ளுகிறது. சஸ்பென்ஷன் நிற்கும் நிலையிலேயே பாதித் தொங்கலைச் செலவழித்துவிடுவதால், குழியில் சக்கரம் இறங்க மிச்சம் இருக்காது. டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலும் இணைப்பு) எப்போதும் அதிகக் கோணத்தில் சுழலும். முதலில் ரப்பர் பூட் கிழியும், பிறகு கிரீஸ் வெளியே தெறிக்கும், அதன்பின் திருப்பத்தில் 'டக டக' சத்தம். மேல் ஆர்மின் பால் ஜாயின்ட்டும் எல்லையில் போய் முட்டும். மேல் ஆர்மை மாற்றாமல் போடுவதென்றால் 25 முதல் 30 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதையும் ஸ்பேசரில் செய்யாமல் சற்று நீளமான ஸ்பிரிங், டேம்பர் ஜோடியில் செய்யுங்கள். போட்டதும் வீல் அலைன்மென்ட், 500 கி.மீ. கழித்து எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்ப்பது இரண்டும் கட்டாயம். வாரன்டிக்கு என்ன ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்டுக்குச் செலவழிப்பதில் பாதியை அடிப்பலகைக்கும் பக்கவாட்டு ராக் ஸ்லைடருக்கும் செலவழிக்கலாம். நீள வண்டி எப்படியும் தட்டத்தான் செய்யும், தட்டுகிற இடம் இரும்பாக இருக்கட்டும். ஸ்லைடர் சேஸிஸில் பிடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பாடி ஓரத்தில் திருகியது ஏறி இறங்கும் படிக்கட்டு மட்டுமே.

கூரான மண்கரையைத் தாண்ட மண்வெட்டியை மிஞ்சிய கருவி கிடையாது. கரையின் உச்சியில் 10 செ.மீ. வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் இருபக்க அடியில் சரிவாகப் போட்டால் பத்து நிமிட வேலை. சற்றுக் குறுக்காக ஏறுவதும் உதவும், நான்கு சக்கரமும் வெவ்வேறு நேரத்தில் ஏறுவதால் வயிறு உச்சியில் உட்காராது. ஆனால் குறுக்காக ஏறும்போது எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். அங்கேதான் ஒரே ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் டிஃப் லாக்கின் அருமை தெரியும்.

டிஃப் லாக்கில் ராக்ஸ் முன்னேறியிருக்கிறது என்பதை எதிர்ப்பாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மூன்று கதவுத் தாரின் சில வேரியன்ட்டுகளில் வருவது ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர். அது தானாகப் பூட்டும், ஆனால் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்த பிறகுதான். புதிதாக ஓட்டுபவர் செய்யும் தவறு ஒன்றேதான்: சக்கரம் சுழலும் சத்தம் கேட்டதும் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவது. வித்தியாசம் 100-ஐத் தொடும் முன்பே குறைந்துவிடும், லாக் விழாது, மறுபடி மிதி, மறுபடி விடு. இப்படியே குழி ஆழமாகும். சக்கரம் சுழல ஆரம்பித்ததும் அதே மிதியில் இரண்டு மூன்று விநாடி அசையாமல் பிடித்தால் 'டக்' என்று பூட்டும், வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பும். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்துப் பூட்டினால் அந்தக் குலுக்கலே ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கு உலை வைக்கும்.

ராக்ஸ் ஃபோர் பை ஃபோரில் பொத்தானை அழுத்திப் பூட்டும் எலக்ட்ரானிக் லாக்கர் கிடைக்கிறது. சக்கரம் சுழலும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடர் வருமுன், வண்டி நேராக நின்றிருக்கும்போது பூட்ட வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு பூட்டக் கூடாது. இடர் தாண்டியதும், ஸ்டியரிங்கை ஒடிக்கும் முன் விடுவிக்க வேண்டும். விட மறுத்தால் பயப்பட வேண்டாம். பற்களில் முறுக்கம் தங்கியிருக்கிறது என்று பொருள். ஓரிரு மீட்டர் நேராகப் பின்னால் வந்தால் விட்டுவிடும்.

இதே முறுக்கம், முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் வரும். இரண்டு வண்டியுமே பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர், நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4H-ல் (நான்கு சக்கர இழுவையில்) திருப்பினால் முன், பின் ஆக்ஸில்கள் வெவ்வேறு தூரம் போக முயன்று ஒன்றையொன்று முறுக்கும். மழைக்கால மலைச்சாலையில் "பாதுகாப்புக்காக" 4H-லேயே போய்விட்டு, காய்ந்த ஊருக்குள் வந்ததும் 2H-க்கு (இரு சக்கர இழுவைக்கு) மாற மறுக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் நிற்பவர்கள் உண்டு. இதற்கும் மருந்து நேராக ரிவர்ஸ்தான்.

அடுத்தது டயர். ராக்ஸின் உயர் வேரியன்ட்டில் 255/60 ஆர் 19. மூன்று கதவில் 255/65 ஆர் 18. கணக்குப் பார்த்தால் இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 789 மி.மீ., ஒரு மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் 166-லிருந்து 153 மி.மீ. ஆகக் குறைந்திருக்கிறது. காற்றை இறக்கும்போது வேலை செய்வது இந்தச் சுவர்தான். நல்ல செய்தி, ராக்ஸின் கீழ் வேரியன்ட்டுகளில் நிறுவனமே 18 அங்குலம் தருகிறது. 19 அங்குல அலாயைக் கழற்றி வைத்துவிட்டு 18 அங்குலத்தில் 255/65 ஆல் டெரெய்ன் போட்டால் ஸ்பீடோமீட்டர் மாறாது, கியரிங் மாறாது, ஸ்டெப்னியும் சிக்கலில்லாமல் பொருந்தும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். ராக்ஸில் முதல் செலவு எது என்று கேட்டால் நாங்கள் சொல்வது இதைத்தான்.

காற்றழுத்தம்: கல்பாதையில் 24 பி.எஸ்.ஐ., சேற்றில் 20 முதல் 22, தேரிக்காட்டுச் செம்மணல் போன்ற இளகிய மணலில் 16 முதல் 18. 19 அங்குல ரிம்மோடு போகிறீர்கள் என்றால் 18-க்குக் கீழே இறங்க வேண்டாம், டயர் ரிம்மை விட்டு நழுவும். இறக்கிய காற்றோடு 30, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்குவது கிணற்றில் இறங்கிவிட்டுக் கயிறு தேடுவது மாதிரி.

ஸ்டியரிங் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று கதவில் ஹைட்ராலிக், ராக்ஸில் எலக்ட்ரிக். கல்லில் மோதும்போது ஸ்டியரிங் கையை உதறுவது ராக்ஸில் நன்றாகவே குறையும். ஆனால் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியிருக்க, வண்டியை நகர்த்தாமல் ஸ்டியரிங்கை மட்டும் ஓங்கித் திருப்பிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி உதவியைக் குறைத்துக்கொள்ளும். அரை அடி நகர்த்தித் திருப்புங்கள்.

தண்ணீர் ஆழம் இரண்டுக்கும் 650 மி.மீ. டயரின் உயரத்தில் ஆறில் ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். குச்சியால் அளந்து பார்க்காமல் இறங்காதீர்கள். லோ ரேஞ்ச் இரண்டாம் கியர், வேக நடை அளவு வேகம், நடுவில் கிளட்ச் மிதிப்பதோ கியர் மாற்றுவதோ கூடாது. எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்து வெளியே எடுங்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் ஒரே கிராங்கில் கனெக்டிங் ராட் வளையும். மறுநாள் இரண்டு டிஃப் ஆயிலையும் பாருங்கள், பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் மாற்றுங்கள்.

பழைய ஜீப் பிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மலையில் உடைந்தால் அங்கேயே சரிசெய்ய முடியுமா? மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் கல்பாதையில் வாடகைக்கு ஓடுவது பழைய மஹிந்திரா ஜீப்புகள். ராக்ஸால் அந்த ஏற்றம் ஏறும், இன்னும் சுகமாகவே ஏறும். ஆனால் அதே கல்லில் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு லீஃப் உடைந்தால் அடிவாரத்துப் பட்டறையில் ஒரு பிளேட்டை மாற்றிவிட்டு மறுநாள் காலை சவாரிக்கு நிற்கலாம். ராக்ஸில் வீல் ஸ்பீடு சென்சாரின் ஒயர் ஒரு குச்சியில் மாட்டி அறுந்தால் ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி., பிரேக்கால் செய்யும் டிஃப் லாக் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடலாம். அந்த ஒயர்களை ஆர்மோடு சேர்த்துக் கூடுதல் டை போட்டு இறுக்குவதும், பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றைக் கையுறைப் பெட்டியில் வைத்திருப்பதும் சின்ன வேலைகள். ஆனால் டை போடும்போது ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, சக்கரத்தை ஜாக்கில் முழுக்கத் தொங்கவிட்டு ஒயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும்.