அரமும் சாக்பீஸும்: என் ஐ.டி.ஐ. ஃபிட்டர் நாட்கள்

பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் என்றுதான் வீட்டில் பேச்சு. விசாரித்துவிட்டு வந்த அப்பா ஃபீஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெரியப்பாதான், "கவர்மென்ட் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் எடுக்கட்டும். படிச்சிட்டு நேரா டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல சேந்துக்கலாம்" என்று வழி சொன்னார். ஆன்லைனில் விண்ணப்பம், மார்க் வரிசைப்படி கலந்தாய்வு. ஃபீஸ் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எங்கள் பேட்ச்சில் நானும் இன்னொருத்தியும் மட்டும்தான் பெண்கள்.

ஃபிட்டர் என்றால் இரும்பு பாகங்களை அளவுக்கு ராவிப் பொருத்துகிறவர். சேர்ந்த மறுநாளே மெஷின் பக்கம் விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கையில் கொடுத்தது ஒரு பாஸ்டர்ட் அரம் (பல் கரடான அரம்), ஒரு இரும்புத் துண்டு. வைஸில், அதாவது மேஜையில் பொருத்திய இடுக்கியில், பிடித்து மேல்பக்கத்தைத் தட்டையாக ராவு என்றார் சார். அவ்வளவுதான் பாடம். ஒரு வாரம் ராவினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. ட்ரை ஸ்கொயரை (எல் வடிவ மூலைமட்டத்தை) வைத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம், நடுவில் இருட்டு. சார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பிளாட்டா கேட்டா ஆமை முதுகு செஞ்சு வெச்சிருக்கே?" என்றார்.

ஏன் அப்படி ஆகிறது என்பது புரியவே பத்து நாள் ஆனது. அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும். தள்ள ஆரம்பிக்கையில் நுனியைப் பிடித்திருக்கும் இடது கையில் அழுத்தம் இருக்க வேண்டும், போகப்போக அது வலது கைக்கு மாற வேண்டும். இரண்டு கையாலும் ஒரே மாதிரி அழுத்தினால் அரம் சீ-சா பலகை மாதிரி ஆடும், ஓரம் இரண்டும் தேய்ந்து நடு மேடாக நிற்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றே இப்போது நினைக்கிறேன். சாரும் சொல்லிப் பார்க்கவில்லை. பின்னால் நின்று என் முழங்கையைப் பிடித்து நாலு தடவை தள்ளிக் காட்டினார்.

சின்னச் சின்ன விஷயங்கள் வேறு. ராவிய இடத்தைக் கையால் தடவக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அரம் வழுக்கும். ஸ்மூத் அரத்தின் (பல் நுணுக்கமான அரம்) பல்லுக்குள் இரும்புத் தூள் சிக்கினால் ஜாபில், அதாவது செய்துகொண்டிருக்கும் துண்டில், கீறல் விழும், அதனால் முதலில் அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ள வேண்டும். மார்க்கிங்குக்கு மயில்துத்தக் கரைசலைப் பூசினால் இரும்பு செம்பு நிறமாகும், அதன் மேல் ஸ்கிரைபர் ஊசியால் இழுத்த கோடு பளிச்சென்று தெரியும். கோட்டின் மேல் வரிசையாக டாட் பஞ்ச்சால் தட்டிய சின்னப் புள்ளிகள். ராவிக்கொண்டே வந்து அந்தப் புள்ளிகளில் சரிபாதி மட்டும் மிஞ்சினால் கோட்டைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். அங்கே நிறுத்தத் தெரிவதுதான் பெரிய பாடு. இன்னும் ரெண்டே தள்ளு என்று கை கேட்கும்.

நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. மெயின் ஸ்கேலில் 49 மில்லிமீட்டர், அதே நீளம் நகரும் ஸ்கேலில் 50 கோடு. ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் தசமத்தைக் கண்டால் ஓடியவள் நான், இங்கே 0.04-க்காக ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன்.

ஒரு தடவை டேப்பை, அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவியை, உடைத்தேன். எம்10 மரைக்கு (10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது) 8.5 மில்லிமீட்டர் துளை போட்டு, டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்ப வேண்டும்; பின்னால் திருப்பினால்தான் வெட்டுப்பட்ட இரும்புச் சுருள் உடையும். அவசரத்தில் ஒரே மூச்சாக முன்னாலேயே திருகினேன். டக். பாதி டேப் உள்ளே நின்றுவிட்டது. டேப்பும் ட்ரில் பிட்டும் ஒரே மாதிரி கடினமான எஃகு என்பதால் துளைத்து எடுக்கவும் வழியில்லை. மூன்று நாள் செய்த ஜாப் ஸ்கிராப்பில் போனது. சார் திட்டியிருந்தால் தேவலை. பேசாமல் ஒரு புதுத் துண்டை வைத்துவிட்டுப் போனார்.

தியரித் தேர்வு கம்ப்யூட்டரில், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிராக்டிகலுக்காக நாங்கள் ராப்பகலாகப் பழகியது ஸ்கொயர் ஃபிட். ஒரு சதுரத் துண்டு, அது அப்படியே உட்காரும்படி இன்னொரு துண்டில் சதுர வெட்டு. முதலில் உள்ளே போகிற துண்டை அளவுக்கு முடித்துவிட வேண்டும். பிறகு அதை மறந்தும் தொடக் கூடாது. அடுத்ததில் மூலைகளில் சின்னத் துளை போட்டு, நடுவில் செயின் ட்ரில்லிங் (சங்கிலி மாதிரி வரிசையாகத் துளைகள்) செய்து, வேண்டாததை உளியால் தட்டி எடுத்துவிட்டு ராவ வேண்டும். கடைசிக் கட்டத்தில் சதுரத் துண்டில் நீல மை பூசி அழுத்திப் பார்ப்போம். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மட்டும்தான் மேடு, அங்கே மட்டும்தான் அரம்.

தேர்வுக்கு முன்பு பழகியதில் வெட்டை 0.3 மில்லிமீட்டர் பெரிதாக்கிவிட்டேன். துண்டு உள்ளே போய் கடகடவென்று ஆடியது. அன்று பஸ்ஸில் அழுதேன். தேர்வன்று நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டேன். மூன்று பக்கம் இருட்டு, ஒரு பக்கம் மட்டும் முடி அளவு வெளிச்சம். அதற்கு மேல் கை வைக்கப் பயந்து அப்படியே கொடுத்துவிட்டேன். பாஸ். தேசிய சான்றிதழும் வந்தது.

டிப்ளமோ பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒரு வருட அப்ரண்டிஸ் சேர்ந்தேன். எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டரால் ஓடும் சி.என்.சி. மெஷின். இங்கே அரத்துக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். முதல் வாரமே ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) ஒரு கீ, அதாவது அதன் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டிய சின்ன இரும்புத் துண்டு, உட்காராமல் அடம்பிடித்தது. அசெம்பிளியில் இருந்த அண்ணன் அதை என் பக்கம் நீட்டி, "கண்ணு, அரம் புடிப்பியா?" என்றார்.

கீயை வாங்கி வைஸில் கட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"என்ன தேடற?"

"சாக்பீஸ் இருக்குங்களாண்ணா?"

சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார்.