சோலார் இன்வெர்ட்டரை வீட்டு வைஃபையில் சேர்த்த அனுபவம்

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டாயிற்று. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம். வாங்கும், கொடுக்கும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் செருகிய வைஃபை டாங்கிளை (உற்பத்திக் கணக்கைப் போன் ஆப்புக்கு அனுப்பும் சின்னக் கருவி) வீட்டு இணையத்தில் சேர்க்கும் வேலை. எல்லாவற்றையும்விட இழுத்தடித்தது அதுதான்.

பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் சேரவில்லை. ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலான டாங்கிள்களைப் போல எங்களுடையதும் 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் செட்டிங்கில் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, வைஃபை பாதுகாப்பு முறையை டாங்கிளுக்கு ஒத்துவரும் டபிள்யூபிஏ2-க்கு மாற்றினேன்.

அப்புறம் போன். டாங்கிளுக்கு வீட்டு வைஃபை விவரத்தைக் கொடுக்க, முதலில் அதன் சொந்த ஹாட்ஸ்பாட்டில் போனைச் சேர்க்க வேண்டும். அதில் இணையம் இல்லை என்று தெரிந்ததுமே போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஆப் தேடிக்கொண்டே இருக்கிறது. டேட்டாவை அணைத்து, லொகேஷனைப் போட்ட பிறகுதான் டாங்கிள் கண்ணில் பட்டது.

சேர்ந்தும் நிம்மதி இல்லை. ஆப்பில் உற்பத்திக் கோடு விட்டுவிட்டு வந்தது. ரவுட்டர் கீழ் ஹாலில், இன்வெர்ட்டர் மாடிப்படி உச்சியில். நடுவே இரண்டு கான்கிரீட் தளங்கள். இன்வெர்ட்டரை ஒட்டிப் போனை வைத்து வைஃபை அனலைசரில் பார்த்தால் மைனஸ் 84 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்). மைனஸ் 70-ஐத் தாண்டி இறங்கினாலே தொல்லைதான். நெட் கனெக்‌ஷன்காரர் வேகமான பிளானுக்கு மாறச் சொன்னார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சூண்டு டேட்டா அனுப்பும் கருவிக்கு வேகம் எதற்கு? அதற்கு வேண்டியது சிக்னல். சும்மா கிடந்த பழைய ரவுட்டரை முதல் மாடிக்குக் கொண்டுபோய், லேன் ஒயர் இழுத்து, அங்கிருந்தும் வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றினேன். மைனஸ் 61 வந்தது. கோடு அறுபடுவது நின்றது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். கட்டாயம் வேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கரண்ட் பில். நடுவில் பேனல் வரிசை ஒன்று வேலை செய்யாமல் போனால், ஆப் இல்லாவிட்டால் பில் வரும்போதுதான் தெரியும். அதற்குள் எத்தனை யூனிட் வீண்!

இன்வெர்ட்டருக்குச் சுவரில் இடம் குறிக்கும் அன்றைக்கே அங்கே நின்று சிக்னலைப் பார்த்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் டாங்கிளையும் மறுபடி சேர்க்க வேண்டும். அதனால் அந்த 2.4 பெயரை டாங்கிளுக்கென்றே விட்டுவிட்டேன்.