கத்துகிற பெல்ட்டை இறுக்கினால் மட்டும் போதுமா?

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். காலையில் சாவியைத் திருப்பியதும் கீச்சென்று தெருவையே எழுப்பும். ஹெட்லைட்டைப் போட்டால், இந்த பெல்ட்டால் சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறி, சத்தம் இன்னும் கூடும். எங்கள் ஒத்தக்கடைப் பக்கம் இதற்கு ஒரே வைத்தியம்தான்: "பெல்ட்டை நல்லா டைட் வச்சு விடுங்கண்ணே!" சோப்பைத் தேய்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். இஞ்சின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இது வி வடிவ பெல்ட்; பிடித்து ஓடுவது அதன் இரண்டு பக்கங்களால்தான். அது ஓடும் சக்கரமான புல்லியில் உள்ள பள்ளத்தின் அடியை அது தொடவே கூடாது. என் வண்டியில் அந்த அடிப்பகுதி பளபளவென்று மின்னியது. பக்கங்கள் தேய்ந்துபோய், பெல்ட் உள்ளே இறங்கி அடியில் உரசிக்கொண்டு ஓடியிருக்கிறது. மடக்கிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெடிப்பு. இந்த மாதிரி பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். கூடுதல் இழுப்பில் ஆல்டர்னேட்டர் பேரிங்கும், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கும் போவதுதான் மிச்சம்.

புது பெல்ட் வாங்க, பழையதன் முதுகில் இருக்கும் நம்பரைக் கடையில் காட்டினால் போதும். நீளத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், பழசு இழுபட்டிருக்கும்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. என் வண்டியில் ஏசி கிடையாது, இருந்தால் அந்த பெல்ட்டும் குறுக்கே நிற்கும். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டையும், நீளத் துளை உள்ள பட்டையில் இருக்கும் போல்ட்டையும் லூஸ் செய்து, ஆல்டர்னேட்டரை இஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தானாகக் கழன்று வரும். புதியதை மாட்டியபின் இழுத்துப் பிடிக்கக் கடப்பாரையைத் தூக்காதீர்கள். ஆல்டர்னேட்டரின் உடம்பு அலுமினியம், விரிசல் விட்டுவிடும். நான் ஒரு வேப்பங்கட்டையைக் கொடுத்து நெம்பினேன். அப்படியே பிடித்துக்கொண்டு முதலில் பட்டை போல்ட்டை இறுக்கினேன், அப்புறம் மற்றதை.

இரண்டு புல்லிகளுக்கு நடுவே, நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ளே போனால் சரி. விறைப்பாக நின்றால் டைட் அதிகம். பேட்டரி ஒயரை மாட்டி, ஸ்டார்ட் செய்து, பேட்டரியில் மல்ட்டிமீட்டரை வைத்தேன்: 14.1 வோல்ட். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று அர்த்தம்.

புது பெல்ட் கொஞ்சம் இழுபடும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் வாட்டர் பம்பையும் சுற்றுவது இதே பெல்ட்தான். மேலூர் ரோட்டில் மத்தியான வெயிலில் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, இஞ்சினும் கொதிக்கும். உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டியதுதான். பழைய பெல்ட்டை ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, இன்னொரு புது பெல்ட்டை ஸ்பானரோடு டிக்கியில் வைத்திருக்கிறேன்.