ஏஏ மீட்டிங் தேடி அலைந்த கதை

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "ஏஏ மீட்டிங் போகவும்" என்று டாக்டர் எழுதியிருந்தார். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு. எங்கே, எப்போது, யாரைக் கேட்பது, எதுவும் இல்லை. குடியை நிறுத்த வைத்துச் சிகிச்சை தரும் டிடாக்ஸ் வார்டில் டிரிப்ஸ், மாத்திரை, கவுன்சலிங் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அலைச்சல் வெளியே வந்த பிறகுதான்.

(வார்டு எதற்கு, நேரே மீட்டிங்குக்கே போய்விடலாமே என்று நினைப்பவர்களுக்கு: தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், அப்புறம் மீட்டிங்.)

போனில் தேடியதும் மேலே வந்த ஒரு நம்பரை அழைத்தேன். ஒரு பெண் அன்பாகத்தான் பேசினார். மீட்டிங் எங்கே என்று கேட்டால், "பேஷண்ட் எத்தனை வருஷமா குடிக்கிறார்? இப்ப வீட்லதான் இருக்காரா? வண்டி அனுப்பட்டுமா?" என்கிறார். பேஷண்டே நான்தாம்மா என்றேன். "அப்ப வீட்ல வேற யார்கிட்டயாவது குடுங்க சார்." அது ஒரு தனியார் மறுவாழ்வு மையம். குறைந்தது மூன்று மாதம் தங்க வேண்டுமாம், முன்பணம் உடனே கட்ட வேண்டுமாம். அதன் பிறகு வெவ்வேறு நம்பர்களிலிருந்து போன் வந்தபடியே இருந்தது. என் மனைவி வாங்கி ஒரு சத்தம் போட்ட பிறகுதான் நின்றது.

ஏஏ அப்படி இல்லை. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்ததில் உருவானது. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் சேரலாம். கட்டணம் கிடையாது. யாரையும் பிடித்துக்கொண்டு போக வண்டியும் வராது. பணம் பேசினால் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்து இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது. புரசைவாக்கத்தில் ஒரு சர்ச், மாலை ஏழு மணி என்று போட்டிருந்தது. வில்லிவாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் டார்ச் அடித்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ மாறிப்போச்சுங்க" என்றார். எங்கே மாறியது என்பது அவருக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு இது வீண் அலைச்சல், பஸ் காசு போச்சு, அவ்வளவுதான். என் நிலைமை வேறு. மணி ஏழரை. டாஸ்மாக் பத்து மணி வரை திறந்திருக்கும். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியிலேயே ஒரு கடை, வாசலில் கூட்டம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது ஞாபகம் வந்தது: "ஆசை வந்தா முதல்ல வயித்துக்கு ஏதாவது இனிப்பா போடுங்க." எதிர்ப்பக்கம் ஸ்வீட் ஸ்டாலில் ஜாங்கிரி வாங்கி, நின்றபடியே தின்று முடித்துப் பஸ் ஏறினேன். அன்றைக்குக் குடிக்காமல் வீடு வந்து சேர்ந்ததை இன்னும் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

மறுநாள் வார்டுக்கே போன் போட்டுக் கேட்டபோது வழி கிடைத்தது. ஏஏ உறுப்பினர்கள் மருத்துவமனைகளுக்கு வந்து பேசுவது வழக்கம். அப்படி வருகிற ஒருவரின் நம்பர் அங்கே இருந்தது. பகலில் அழைத்தால் எடுக்கவில்லை. அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தானே, சாயங்காலம் கூப்பிட்டார். தமிழ் மீட்டிங்கா, இங்கிலீஷ் மீட்டிங்கா என்று முதலில் கேட்டார். அடுத்து, தனியாக வருகிறீர்களா, வீட்டாருடனா? ஓப்பன் மீட்டிங் என்றால் யாரும் வந்து உட்காரலாம், குளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். இது தெரியாமல் மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவள் வெளியேதான் நின்றிருப்பாள்.

"நான் கேட்ல நிக்கிறேன் தம்பி, வாங்க" என்றார். சொன்னபடியே நின்றார். அது ஒரு பள்ளிக்கூடம், சந்துக்குள் இருக்கும் பக்கவாட்டு கேட். ஒரு போர்டு இல்லை, அம்புக்குறி இல்லை. வருகிறவர்கள் யார் என்று வெளியே தெரியக் கூடாதே. அவர் நிற்காவிட்டால் நான் முன்வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். புதிதாகப் போகிறவர்கள் அட்ரஸை மட்டும் நம்பாமல் அன்றைக்கே ஒருவரிடம் போனில் பேசி, கேட்டில் நிற்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நிற்பார்கள்.

உள்ளே பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முட்டி இடித்தது. டீ கொடுத்தவர் எல்லோருக்கும் கப் நிறைய ஊற்றிவிட்டு எனக்கு மட்டும் பாதி ஊற்றினார். என் கை நடுக்கத்தைப் பார்த்திருக்கிறார். குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றினார். பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, பெயரோடு இனிஷியல்கூடக் கேட்கவில்லை. உண்டியல் பை சுற்றி வந்தபோது, புதுசா வந்தவங்க போட வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி மீட்டிங் இருக்கிறது. என் மனைவிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு நம்பர் கிடைத்ததும் அவள் போன் போட்டு முதலில் கேட்டது, "கேட்ல யாருங்க நிப்பாங்க?"