கடமைக்கு விலக்கு, கதவுக்குப் பூட்டு

2020 மார்ச் 12 அன்று, உரோமை மறைமாவட்டத்தில் திருத்தந்தையின் பதிலாளாக இருந்த கர்தினால் ஆஞ்செலோ தே தொனாத்திஸ், கொரோனா தொற்றைத் தடுக்க நகரின் ஆலயங்கள் அனைத்தையும் ஏப்ரல் 3 வரை மக்களுக்கு மூடிவைக்குமாறு ஆணையிட்டார். பொதுத் திருப்பலிகள் சில நாள்களுக்கு முன்பே இத்தாலி முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தன. தனியே வந்து, திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வைக்கப்படும் நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிடவும் இப்போது இடமில்லை என்றாயிற்று. மறுநாள் காலைத் திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸ், கடுமையான நடவடிக்கைகள் எப்போதும் நல்லவையல்ல என்றார். திருத்தந்தையின் அறப்பணிகளைக் கவனித்துவந்த கர்தினால் கொன்ராட் கிரயெவ்ஸ்கி தம் பொறுப்பிலிருந்த எஸ்குயிலீனோ பகுதி ஆலயத்தின் கதவைத் தாமே திறந்துவைத்தார். அன்றே ஆணை திருத்தப்பட்டு, பங்கு ஆலயங்கள் திறந்திருக்க வழி பிறந்தது.

ஒரே நாளில் நேர்ந்த இந்த மாற்றத்தைப் பலர் நிர்வாகக் குழப்பம் என்று கடந்துசென்றார்கள். எனக்கோ அது, 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தனித்தனியே வைத்திருக்கும் இரண்டு செயல்கள் ஒன்றாகக் கலந்துபோனதன் விளைவாகவே தெரிகிறது. ஞாயிறு திருப்பலியில் பங்கேற்பது 1247ஆம் சட்டம் விதிக்கும் கடமை. அதிலிருந்து, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் தம் மக்களுக்கு விலக்களிக்கலாம். நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் அந்த விலக்குகூடத் தேவையில்லை, ஏனெனில் இயலாதவரைக் கடமை கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் இறைவார்த்தையையும், நற்கருணை, பாவமன்னிப்பு போன்ற அருளடையாளங்களையும் மேய்ப்பர்களிடமிருந்து பெறுவது, 213ஆம் சட்டத்தின்படி, நம்பிக்கையாளரின் உரிமை. வழிபாட்டுக்காக ஆலயத்துக்குள் செல்லும் உரிமையை 1214ஆம் சட்டம், ஆலயம் என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கடமையிலிருந்து ஒருவரை விடுவித்துவிட்டதாலேயே அவருடைய உரிமையும் தீர்ந்துபோவதில்லை. "இந்த ஞாயிறு வரத் தேவையில்லை" என்று சொல்ல ஆயருக்குள்ள அதிகாரம் ஒன்று. "வரக்கூடாது" என்று சொல்வதற்கு வேறொரு சட்ட அடிப்படை வேண்டும்.

அந்த அடிப்படை இல்லாமலும் இல்லை. பொதுநலனை முன்னிட்டு நம்பிக்கையாளரின் உரிமைகளைப் பயன்படுத்தும் முறையைத் திருச்சபை அதிகாரம் ஒழுங்குபடுத்தலாம் என்கிறது 223ஆம் சட்டம். கொள்ளைநோய் காலத்தில் கூட்டத்தைத் தவிர்த்தது சரி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை; அண்டை வீட்டாரின் உயிரைப் பணயம்வைக்கும் பக்தியைச் சட்டமும் கேட்கவில்லை, நற்செய்தியும் கேட்கவில்லை. எனினும், ஒழுங்குபடுத்துவது ஒன்று, ஒழிப்பது வேறு. நற்கருணை வைக்கப்பட்டுள்ள ஆலயம், கனமான காரணம் தடுத்தாலன்றி, நாள்தோறும் சில மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும் என்கிறது 937ஆம் சட்டம். தொற்று கனமான காரணம்தான். ஆனால் பரந்த ஆலயத்தில் நான்கு பேர் தள்ளித் தள்ளி அமர்ந்து செபிப்பதையும் அது தடுக்கிறதா என்பதை ஒவ்வொரு ஊரிலும் தனியே ஆராய்ந்திருக்க வேண்டும்.

1576இல் மிலானைக் கொள்ளைநோய் தாக்கியபோது பேராயர் கார்லோ பொரோமேயோ எதிர்கொண்டதும் இதே கேள்விதான். அவர் நடத்திய தவப் பவனிகள் பற்றி அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. அவற்றை இங்கே நான் பரிந்துரைக்க வரவில்லை. மக்கள் வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்ற கட்டளை வந்தபின் அவர் செய்ததே என்னை ஈர்க்கிறது. தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைத்து, மக்கள் சன்னல்களில் நின்றபடியே திருப்பலி காண ஏற்பாடு செய்தார். குருக்கள் தெருத்தெருவாக நடந்து, வாசற்படிகளிலேயே பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டார்கள்.

2020 மார்ச்சில் வத்திக்கானின் பாவமன்னிப்புப் பேராயம் வெளியிட்ட குறிப்பிலும் இந்தப் போக்கைக் காண்கிறேன். தனித்தனியே பாவ அறிக்கை கேட்க இயலாத மிகக் கடுமையான நிலையில் 961ஆம் சட்டம் அனுமதிக்கும் பொதுப் பாவமன்னிப்பை, சாகும் ஆபத்திலுள்ள நோயாளிகள் கிடக்கும் மருத்துவமனைப் பிரிவின் வாயிலில் நின்று, தேவையானால் ஒலிபெருக்கி வைத்தும் வழங்கலாம் என்றது அது. நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருளடையாளமான நோயில்பூசுதலிலும், கனமான காரணமிருந்தால் குரு தம் கையால் தொடாமல் ஒரு கருவியால் எண்ணெய் பூச 1000ஆம் சட்டம் எப்போதுமே இடம் தந்திருக்கிறது. தொற்றுக் காலத்துக்கான வழிகள் பல சட்டத்துக்குள்ளேயே கிடந்தன; அவற்றைத் தேடி எடுப்பதைவிடப் பூட்டுப் போடுவது எளிதாக இருந்தது.

சட்டம் உண்மையில் கைவிட்ட இடம் முறையீடு. ஆயரின் ஆணையால் தம் உரிமை பாதிக்கப்பட்டதாகக் கருதும் பொதுநிலையினர், முதலில் 10 நாள்களுக்குள் அந்த ஆயரிடமே திருத்தம் கேட்க வேண்டும்; பதிலுக்கு 30 நாள் வரை காத்திருக்க வேண்டும்; மேல்முறையீடு அதன் பிறகுதான். உரோமை ஆணைக்கு முதலில் குறிக்கப்பட்ட மொத்த ஆயுளே 22 நாள். இத்தகைய ஆணையைக் குறித்து ஒருவர் அன்றைக்கே மனு எழுதியிருந்தாலும், பதில் வருமுன் ஆணை காலாவதியாகியிருக்கும், அல்லது புதிய ஆணை வந்திருக்கும். நெருக்கடிக் கால ஆணைகளுக்கென்று சில நாள்களில் முடியும் தனி முறையீட்டு வழியை அடுத்த தொற்று வருமுன் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை, ஆலயத்தை மூடும் ஒவ்வோர் ஆணையிலும் அதன் முடிவுத் தேதியையும், அதுவரை ஒப்புரவுக்கும் (பாவ அறிக்கைக்கும்) நோயில்பூசுதலுக்கும் யாரை எப்படி அழைப்பது என்பதையும் எழுதும்படியாவது நம் ஆயர்களிடம் கேட்கலாம். தங்கள் தேவைகளை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையை 212ஆம் சட்டம் நம்பிக்கையாளருக்குத் தந்திருக்கிறது.