முதல் ஃப்ரீலான்ஸ் வேலையில் நான் எழுதி வாங்காதது

ஃப்ரீலான்ஸாக எனக்கு வந்த முதல் வேலை, ஐந்து பக்க வெப்சைட். மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று போனிலேயே ஒப்புக்கொண்டேன். முடிக்க நான்கு மாதம் ஆனது. அதில் கோட் எழுதப் போன நேரம் கால்வாசிகூட இல்லை.

முதல் டெமோ காட்டிய அன்றே கிளையன்ட், "வாடிக்கையாளர்கள் லாகின் செய்து அவங்க ஆர்டரைப் பார்க்கிற மாதிரி ஒன்று வைத்துவிடுங்கள், சின்ன வேலைதானே" என்றார். அவர் கண்ணுக்கு அது ஒரு பட்டன். எனக்கோ பயனர் கணக்கு, டேட்டாபேஸ், பாஸ்வேர்டை மறந்தவருக்குப் போகவேண்டிய மெயில், பேக்கப் என்று நீண்டது. மறுக்கத் தயங்கி, சரி என்றேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எது வேலைக்குள் அடங்கும், எது அடங்காது என்று நான் சொல்லவே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வேலையில் ஒரே ஒரு பக்கம் எழுதி மெயிலில் அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வந்த பிறகுதான் கோட் எழுத எடிட்டரைத் திறந்தேன். செய்யப்போகும் பக்கங்களின் பட்டியலைவிட அதிகம் கைகொடுத்தது, "இதில் அடங்காதவை" என்ற பகுதிதான். லாகின், ஆன்லைன் பேமென்ட், இரண்டாவது மொழி: இவை வேண்டுமென்றால் தனி நேரம், தனித் தொகை. டிசைனில் திருத்தம் இரண்டு முறை. படங்களையும் எழுத்தையும் யார் தருவது, எந்தத் தேதிக்குள் தருவது, தாமதமானால் என் கெடுவும் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதையும் எழுதினேன். புதிதாக வருபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். முதல் வேலையில் "எங்களைப் பற்றி" பக்கத்தின் நாலு பத்திக்காக மட்டும் ஐந்து வாரம் காத்திருந்தேன்.

பணத்தையும் பிரித்தேன். தொடங்கும்போது 40%, டெமோவுக்குப் பின் 30%, சைட்டை அவர்களுடைய சர்வருக்கு மாற்றும் முன் மீதி. அட்வான்ஸ் கேட்க அவ்வளவு கூச்சமாக இருந்தது. கேட்டேன், மறுநாளே வந்துவிட்டது. டொமைனையும் (சைட்டின் முகவரி) ஹோஸ்டிங்கையும் (சைட்டை வைக்கும் சர்வர் இடம்) கிளையன்ட் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள், உங்கள் கணக்கில் வேண்டாம்.

அந்த இரண்டாவது வேலையில் வேறொரு தவறு செய்தேன். கிளையன்ட் தந்த மெயில் சேவையின் ஏபிஐ கீயை, அதாவது அந்தச் சேவையை நம் கோட் பயன்படுத்தத் தேவையான ரகசியச் சாவியை, கோடுக்குள்ளேயே எழுதி, யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவில் (கோடைச் சேமிக்கும் ஆன்லைன் இடம்) ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டில் (மாற்றங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) அழித்ததும் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. பழைய கமிட்டுகளை அப்படியே வைத்திருப்பதுதானே, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளின் வேலை? ஹிஸ்டரியைப் புரட்டும் யாருக்கும் அந்தக் கீ கிடைக்கும். அன்று மாலையே கிளையன்ட்டுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பழைய கீயை உடனே ரத்து செய்து புதிது எடுத்தோம். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். இப்போது கீ, பாஸ்வேர்ட் எல்லாம் கோடுக்கு வெளியே தனி என்வி (.env) ஃபைலில் இருக்கும். முதல் கமிட்டுக்கு முன்பே அதன் பெயரை, கிட் சேமிக்கக்கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் (.gitignore) சேர்த்துவிடுவேன்.

இன்னொன்று, நேரக் கணக்கு. மூன்று வாரம் என்று சொன்னபோது கோட் எழுதும் நேரத்தை மட்டும்தான் எண்ணியிருந்தேன். அதன்பின் மூன்று வேலைகளுக்கு மணிக்கணக்கைக் குறித்து வைத்துப் பார்த்தேன். பேச்சு, டெஸ்டிங், வெவ்வேறு போன்களில் பார்ப்பது, சர்வரில் ஏற்றுவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பாதி நேரத்தை எடுத்துக்கொண்டன. இப்போது மனதில் தோன்றும் நாட்களை இரண்டால் பெருக்கித்தான் கெடு சொல்கிறேன்.

போன வருடம் அந்த முதல் கிளையன்ட் மறுபடி அழைத்தார். பேசி முடித்ததும் என் ஒரு பக்கத்தை அனுப்பினேன். "அடங்காதவை" பகுதியில் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்து, சம்மதம் என்று அன்றே பதில் போட்டார்.