கோட்டுக்கு மட்டும் சமம்

"ஒரே மாதிரி ரெண்டு பல்பைத் தொடர் இணைப்புல மாட்டினா எப்படிம்மா எரியும்?"

"ரெண்டாவது மங்கலாத்தான் எரியும் சார். முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கும்ல?"

"எல்லா இடத்துலயும் மின்னோட்டம் சமம்னு எழுதியிருக்கியே?"

"அது அந்தக் கோட்டுக்கு சார்."

மின்சுற்றுப் பாடத்துக்கு நான் எழுதிய நிரல்வழிக் கற்றல் கையேட்டை ஒரு பிழைகூட இல்லாமல் முடித்தவள் அவள். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக, அதாவது சட்டகமாக, வெட்டி வைப்பது; ஒவ்வொன்றிலும் நிரப்பக் கோடிட்ட இடம், எழுதியதும் சரிபார்க்க விடை. பிழை குறைவாக வருவதே நல்ல நிரலின் அடையாளம் என்பது, இந்த முறையை வளர்த்த உளவியலாளர் ஸ்கின்னரின் கணக்கு. அந்தக் கணக்கில் என் கையேடு தேறிவிட்டது.

நிரல் முறையில் இன்னொரு வழி காட்டிய கிரவுடரின் கிளை நிரலாக எழுதியிருந்தால் 'மங்கலாக எரியும்' என்பதையும் ஒரு விடையாக வைத்து, அதைத் தேர்ந்தவளை வேறு பக்கத்துக்கு அனுப்பி விளக்கியிருக்கலாம்தான். ஆனால் அவள் இப்படி நினைப்பாள் என்று எனக்கு முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டுமே.

ஸ்கின்னருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹாலந்து ஒரு சோதனை சொல்லியிருக்கிறார். விடை எழுதத் தேவைப்படாத வரிகளை மறைத்துவிட வேண்டும். அப்போதும் பிழை கூடாவிட்டால், அந்த வரிகளைப் படிக்காமலே விடை எழுத முடிகிறது என்று பொருள். என் கையேட்டில் செய்து பார்த்தேன். பல சட்டகங்களில் பாதிப் பத்தி மறைந்த பிறகும் கோட்டை நிரப்ப முடிந்தது.

அதற்காகக் கையேட்டைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், யார் முன்னாலும் தலைகுனியாமல், தன் வேகத்தில் முழுப் பாடத்தையும் முடித்தான். கரும்பலகையில் நடத்தியிருந்தால் அவனும் முடித்திருக்க மாட்டான். அவளும் கூட்டத்தோடு சேர்ந்து "சமம்" என்று கத்தியிருப்பாள், அவ்வளவுதான்.

பல்புகளை மாட்டினோம். என் கெட்ட நேரம், இரண்டாவது உண்மையிலேயே சற்று மங்கல்! "பாத்தீங்களா சார்?" இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். மங்கலும் அந்தப் பல்போடு சேர்ந்தே இடம் மாறியது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ வித்தியாசம் பல்புலதான்" என்றாள். ஒருத்திக்கே பாதிப் பீரியட் போய்விட்டது. எல்லோருக்கும் இப்படி முடியுமா? முடியாது என்றுதான் கையேடே எழுதினேன்.

"நிரல் முறை பலன் தருதா?" என்று சக ஆசிரியர் கேட்டார். "பின்தேர்வுல சராசரி ஏறியிருக்கு" என்றேன். பொய்யில்லை. அந்தச் சராசரியில் அவளுடைய முழு மதிப்பெண்ணும் சேர்த்தி. தேர்வு நடந்தது பல்பை மாட்டியதற்கு முந்தின நாள்.